வைஃபை வரவில்லையா? முதலில் அந்த ஊக்கைக் கீழே வையுங்கள்

போன ஆனி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் புளியரையிலிருந்து ஓர் ஆச்சி போன் செய்தார். "தம்பி, டப்பால செவப்பு லைட்டு மினுக்குது. பேரன் ஊக்க எடுத்துப் பின்னால குத்திட்டான். இப்ப செவப்பும் போகல, வைஃபை பேரும் மாறிட்டு."

இதைவிடச் சுருக்கமாக யாரும் என்னிடம் கோளாறு சொன்னதில்லை. சிவப்பு மினுக்கினால் பழுது பெட்டிக்கு வெளியே, கம்பியில். பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் ஓட்டையில் குத்தினால் அது சரியாகாது. மாறாக, பெட்டிக்குள் லைன்மேன் போட்டு வைத்த யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். தெருமுனையில் அறுந்து கிடந்த ஃபைபரை மறுநாளே ஒட்டிவிட்டார்கள். பேரன் குத்தியதைச் சரிசெய்ய ஆள் வருவதற்குத்தான் இன்னும் மூன்று நாள் ஆயிற்று.

செங்கோட்டையில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். நெட் கனெக்‌ஷன் கொடுப்பது என் தொழில் இல்லை. ஆனால் ரீசார்ஜுக்கு வருகிறவர் கையில் போன் இருக்கும், போனில் ஒரு குறை இருக்கும், அதைக் கேட்காமல் போக மாட்டார். கேரள எல்லைக் கணவாய்க்கு இந்தப் பக்கம் புளியரை, தெற்குமேடு ஆட்கள். அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுதுருட்டித் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் நம் ஆட்கள். அவர்கள் போன் பாதி மலையாளத்தில் இருக்கும். அதனால் ஒன்றும் இல்லை, விசிறி மாதிரி இருக்கும் வைஃபை படம் எந்த மொழியிலும் விசிறிதான்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் என்ன செய்வோம்? வாய்க்காலைப் பார்ப்போம், மடையைப் பார்ப்போம், வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். எடுத்த எடுப்பில் மடையை உடைப்பதில்லை. இங்கேயும் அதே கதைதான். தெருவிலிருந்து வீடுவரை ஃபைபர், வீட்டுக்குள் பெட்டி, பெட்டியிலிருந்து போன்வரை காற்று. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்வி போதும்: பெட்டியில் என்ன லைட் எரிகிறது? இன்னொரு போனில் வருகிறதா? எல்லா போனிலும் இல்லையென்றால் பெட்டியிலோ வெளியிலோ கோளாறு. ஒரு போனில் மட்டும் இல்லையென்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம், அந்தப் போனைப் பாருங்கள்.

கீழே தலைப்பாகப் போட்டிருப்பதெல்லாம் கடை வாசலில் ஆட்கள் சொல்லும் சொல்தான். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

"செவப்பு லைட்டு மினுக்குது"

பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய லைட் இது. ஃபைபரில் ஒளி வரவில்லை, அல்லது போதாமல் வருகிறது என்று பொருள். அதற்குப் பக்கத்தில் பான் என்று இன்னொன்று இருக்கும். அது பச்சையாக நிலையாக எரிந்தால் வெளிக்கம்பி நன்றாக இருக்கிறது. சிவப்பு இல்லாமல் பான் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் கம்பெனி பக்கத்தில் உங்கள் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கு நாம் செய்ய ஒன்றும் இல்லை, புகார் பதிந்துவிட வேண்டியதுதான்.

சிவப்புக்கு நாம் வீட்டுக்குள் பார்க்கக்கூடியது மூன்று. பெட்டியின் பின்னால் ஒரு மெல்லிய கம்பி, நுனியில் பச்சைத் தலையோடு சொருகியிருக்கும். பெருக்கும்போது, பெட்டியை நகர்த்தும்போது அது பாதி கழன்று நிற்கும். கிளிக் என்று சத்தம் வரும்வரை உள்ளே அழுத்துங்கள். அடுத்து, கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே போங்கள். இது செம்புக் கம்பி இல்லை, உள்ளே கண்ணாடி. குழந்தை வளையலைவிடச் சின்னதாகச் சுருட்டினால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். மீதிக் கம்பியைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அழகாக இருக்கும், நெட் இருக்காது. மூன்றாவது, கதவு இடுக்கு. கம்பி ஜன்னல் வழியாக வந்திருந்தால் சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை ஓங்கிச் சாத்தும்போது நசுங்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பச்சைத் தலையைக் கழற்றி "லைட் வருதா" என்று கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருட்டாகத்தான் இருக்கும். நுனியை விரலால் துடைக்கவும் வேண்டாம், கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலே ஒளி குறையும். பச்சைத் தலை, நீலத் தலை என்று இரண்டு வகை உண்டு. நுனி சீவியிருக்கும் கோணமே வேறு, ஒன்றில் இன்னொன்றைச் சொருகக் கூடாது.

இவை சரியாக இருந்தும் சிவப்பு போகவில்லையென்றால் வெளியில்தான் பழுது. எங்கள் ஊரில் காரணம் தேட வேண்டியதில்லை. கணவாய்க் காற்றில் மட்டை விழுந்து கம்பி அறும், அணில் கடிக்கும், குற்றாலம் பக்கம் என்றால் குரங்கு ஊஞ்சல் ஆடும். கேபிள்காரரிடம் "நெட் வரல" என்று சொன்னால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். "எல்ஓஎஸ் சிவப்பு, கனெக்டர் பார்த்தாச்சு" என்று சொல்லுங்கள். ஏணியோடு வருவார்.

"மழை பெஞ்சா போகுது, வெயிலடிச்சா வருது"

இது என் சொந்த வீட்டுக் கதை. இரண்டு சீசன் இந்தப் பாடு பட்டேன். லைன்மேன் வரும்போதெல்லாம் வெயில் அடிக்கும், நெட்டும் நன்றாக ஓடும், அவரும் "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார். அப்புறம்தான் பெட்டிக்குள் நுழைந்து ஒளியின் அளவைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வைஃபையில் இணைந்த போனில் பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளுக்கு 192.168.0.1, ஜியோ ஃபைபர் பெட்டிக்கு 192.168.29.1. எது என்று தெரியவில்லையென்றால் போனின் வைஃபை அமைப்பில் உங்கள் நெட்வொர்க் பெயரைத் தொட்டுப் பாருங்கள், கேட்வே என்று போட்டிருப்பதுதான் அது. உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் பான் அல்லது ஆப்டிகல் என்ற பிரிவில் ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஓர் எண் காட்டும். மைனஸ் 15-லிருந்து 25-க்குள் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இழுபறிதான். மைனஸ் கணக்கு என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைகிறது. மூன்று கூடினால் ஒளி பாதி.

நான் தினசரி நாள்காட்டித் தாளில் எழுதி வைத்தேன். காய்ந்த நாளில் மைனஸ் 22. சாரல் பிடித்த மறுநாள் மைனஸ் 28. ஆறு குறைந்திருக்கிறது, அப்படியென்றால் வந்த ஒளியில் கால் பங்குதான் மிச்சம். கிழித்த பத்துத் தாள்களை லைன்மேன் கையில் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் நேராகப் போஸ்ட்டில் இருந்த ஜாயிண்ட் பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர், தண்ணீரில் எறும்பு முட்டை. மூடியின் ரப்பர் எங்கோ போயிருந்தது. மாற்றி ஒட்டிய பிறகு மழை நாளிலும் 22-ஐ விட்டு நகரவில்லை.

"லைட்டே எரியல" அல்லது "தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது"

பத்துக்கு எட்டு அடாப்டர்தான். பெட்டி கெட்டுப்போவது அபூர்வம். முதலில் அதே பிளக்கில் போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். கரண்ட் வருகிறதென்றால் அடாப்டர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலான ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட். ஆம்பியர் 1 அல்லது 1.5 என்று இருக்கும். டிவி செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், பின்னும் பொருந்தும். வோல்ட் மாறினால் பெட்டியே போய்விடலாம். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் குறைவாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கண்டுபிடிக்க முடியாது: லைட் எரியும், ஒரு போன் ஓடும், சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து நாலைந்து போன் சேர்ந்ததும் தானாக அணைந்து எரியும். ஆம்பியர் எண் மட்டும் பெரிதாக இருந்தால் தவறில்லை, பெட்டி தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் போகும்போது நெட்டும் போகக் கூடாது என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் பெட்டியை அந்த லைனுக்கு மாற்றினாலே போதும். தெருவில் ஃபைபரைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை, அதனால் ஊரே இருண்டாலும் நெட் ஓடும். அப்படியும் நின்றால் கேபிள்காரர் ஆபீசில் பேட்டரி செத்திருக்கிறது.

ஐப்பசியில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி வழியாக மின்னல் வராதுதான், ஆனால் ஃபைபரோடு ஒட்டி ஓர் இரும்புக் கம்பியும் தாங்கலுக்காக வருகிறது. கரண்ட் லைன் வழியாகவும் வரும்.

"பெட்டி எல்லாம் பச்சை, நெட் மட்டும் இல்ல"

போன் கனெக்டட் என்று காட்டும், கீழே இன்டர்நெட் இல்லை என்று சின்னதாக எழுதியிருக்கும். எல்லா போனிலும் இப்படி என்றால் முதல் சந்தேகம் பில். சிரிக்காதீர்கள். மாதக் கடைசியில் என் கடைக்கு வரும் "வைஃபை ரிப்பேர்" பாதிக்கு மேல் ரீசார்ஜ் செய்ததும் குணமாகிவிடுகிறது.

பணம் கட்டியிருக்கிறது, பெட்டியில் இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பு அல்லது எரியவில்லை என்றால், பெட்டி கம்பெனியில் உள்நுழைய முடியாமல் நிற்கிறது. பிபிபிஓஇ என்ற முறையில் ஒரு யூசர் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகும் இணைப்புகளில் இது நடக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். உடனே போட்டால் பழைய இணைப்பு இன்னும் அறாமல் இருக்கிறது என்று சில நேரம் உள்ளே விடாது. அப்படியும் இல்லையென்றால் கம்பெனியைக் கூப்பிட வேண்டும்.

ஒரு போனில் மட்டும் இந்த நிலை என்றால் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாகத் தீர்ந்து கிடந்த பழைய போனைத் திறந்தால் தேதி எங்கோ பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் தேதியோடு பொருந்தாததால் எந்த வலைத்தளமும் திறக்காது. அடுத்து, ஆண்ட்ராய்டு 9-லிருந்து பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, வலைத்தளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் சர்வரை நாமே எழுதி வைக்கும் இடம். விளம்பரம் வராமல் இருக்க என்று யாராவது தம்பி அதில் ஏதோ எழுதி வைத்திருப்பான். அந்த சர்வர் படுத்தால் நெட்டும் படுத்துவிடும். ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். விபிஎன் செயலி இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

"சொந்தமா ரவுட்டர் வாங்கி மாட்டினேன், ரெண்டும் சண்டை போடுது"

கம்பெனி பெட்டியிலிருந்து வரும் லேன் கேபிளைப் புது ரவுட்டரில் வான் என்று தனி நிறத்தில் இருக்கும் துளையில் சொருக வேண்டும். மற்ற நாலு துளைகளில் சொருகினால் இரண்டு பெட்டிகளும் போன்களுக்கு முகவரி கொடுக்கப் போட்டி போடும். துளை சரியாக இருந்தும் நெட் இல்லையென்றால், இரண்டு பெட்டிக்கும் முகவரி 192.168.1.1 என்று ஒன்றாகவே இருக்கும். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? புதியதை 192.168.2.1 என்று மாற்றுங்கள். அதைவிட எளிது, புது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அப்போது முகவரி கொடுக்கும் வேலை பழைய பெட்டியோடு நின்றுவிடும். சாதாரண வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

"போன்ல பேரே வரல"

பக்கத்து வீட்டு வைஃபை பெயரெல்லாம் வருகிறது, நம்முடையது வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் வைஃபை என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். தூசி தட்டும்போது அது அமுங்கி வைஃபை அணைந்திருக்கும். சிலருக்குப் பெயரின் முடிவில் 5ஜி என்று இருப்பது மட்டும் வராது. இது சிம்மில் வரும் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய, விலை குறைந்த போன்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும். அதில் தவறில்லை, 2.4 பெயரில் சேர்ந்துகொள்ளுங்கள். சில பெட்டிகளில் ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்துத்தான் 5 வரும், ஏனென்றால் 52-லிருந்து 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பெட்டி பேசத் தொடங்கும்.

வெளிநாட்டு போன்களில் இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் 2.4-ல் வழக்கமாக 11 சேனல்தான், இங்கே 13. பெட்டி தானாக 12-க்கோ 13-க்கோ போய்விட்டால், அங்கிருந்து மகன் அனுப்பிய சில பழைய போன்களுக்கு அது கண்ணிலேயே படாது. சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக மாற்றி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று படியாத சேனல்கள் இந்த மூன்றும்.

"பாஸ்வேர்டு தப்புங்குது, ஆனா சரியாத்தான் அடிக்கேன்"

சைபரா, ஆங்கில ஓவா. ஒன்றா, சின்ன எல்லா. ஸ்டிக்கரில் இவை இரட்டைப் பிள்ளைகள். கண் பிடிக்கவில்லையென்றால் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நகலெடுத்து ஒட்டினால் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு பழைய போன் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். பெயரைத் தொட்டு ஃபர்கெட் அழுத்தி, புதிதாகச் சேருங்கள். ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் இருக்கும் போன் ஏதாவது ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதில் ஷேர் அழுத்தினால் க்யூஆர் கட்டம் வரும். அடுத்த போனில் ஸ்கேன் செய்தால் அடிக்கிற வேலையே இல்லை.

எல்லாம் சரி, பழைய போன் மட்டும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருக்கலாம். அது 2018-ல் வந்தது. அதற்கு முந்தைய போன்கள் பலவற்றுக்குத் தெரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து போட்டுவிடாதீர்கள். "பக்கத்து வீட்டுப் புள்ளைகதானே" என்று விட்டவர்கள் மாதக் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள்.

"ஐபி அட்ரஸ் எடுக்கேன் எடுக்கேன்னு சுத்திக்கிட்டே இருக்கு"

போன் முகவரி கேட்கிறது, பெட்டி கொடுக்கவில்லை. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கல்யாண வீட்டில் இது வந்தால் காரணம் வேறு: சில பெட்டிகளில் ஒரே நேரத்தில் 32 பேர்தான் என்று வரம்பு இருக்கும். பந்தலில் அதற்கு மேல் போன் இருக்கும்போது மாப்பிள்ளையின் போனே வெளியே நிற்கும். யாராவது நாலு சித்தப்பாக்களின் வைஃபையை அணைக்கச் சொல்வதுதான் வழி.

இன்னொரு காரணம், குறிப்பிட்ட போன்கள் மட்டும் சேரலாம் என்று பெட்டியில் மேக் முகவரிப் பட்டியல் போட்டு வைத்திருப்பது. மேக் முகவரி என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியைச் சொல்லாமல் புனைபெயரில் போகின்றன. வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கு முகம் மாறிவிட்டது. போனில் அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் ரேண்டம் என்பதை நிறுத்துங்கள், அல்லது பட்டியலை எடுத்துவிடுங்கள். நல்ல பாஸ்வேர்டு ஒன்று இந்தப் பட்டியலைவிட மேல்.

"முன்னறையில பறக்குது, அடுப்படியில செத்துப்போகுது"

செங்கோட்டைப் பழைய வீடுகளின் சாபம் இது. வாசல் பத்தடி, நீளம் ரயில் பெட்டி. திண்ணை, ரேழி, கூடம், அடுப்படி, பின்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை அடி கல் சுவர். கேபிள்காரர் வாசலோடு கம்பியைக் கொண்டுவந்து, முதல் ஆணியில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அலையில் பாதி தெருவில் போகிற மாடுகளுக்குத்தான்.

ஒரு வீட்டில் பெட்டி டிவி ஷோகேசுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பித்தளைக் குத்துவிளக்குக்கும் எவர்சில்வர் தாம்பாளத்துக்கும் நடுவில் இருந்தது. அண்ணாச்சி அதற்குத் துணியும் போர்த்தியிருந்தார், தூசி படக் கூடாதாம். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், துணி சூட்டை உள்ளேயே வைக்கும். வெளியே எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகையில் வைத்தோம். கூடம்வரை பிரச்சினை தீர்ந்தது. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர் டிரம் இவற்றுக்குப் பின்னாலும் வைக்க வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் 2.4 பக்கத்தில்தான், அது சுற்றும்போது மட்டும் வீடியோ நின்றால் காரணம் தெரிந்துவிட்டது.

பின்கட்டுவரை வேண்டுமென்றால் முதலில் அங்கே போனை 2.4-ல் சேருங்கள். 5 வேகம், ஆனால் சுவரைத் தாண்டாது, 2.4 மெதுவு, ஆனால் போய்ச் சேரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாது, தனித்தனிப் பெயர் வைத்துப் பார்ப்பது சோதனைக்கு நல்லது. அதுவும் போதவில்லையென்றால், கடையில் ரிப்பீட்டர் என்று ஒன்றை நீட்டுவார்கள். சுவரில் சொருகினால் போதும்தான், ஆனால் சாதாரண வகை ஒரே அலையில் கேட்கவும் பேசவும் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். கூடத்திலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக வைப்பதுதான் நிற்கிற வேலை. கேபிளில் எட்டுக் கம்பியும் இருக்கட்டும். நாலு கம்பி மட்டும் இணைத்தால் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது.

"சாயங்காலமானா ஆமை மாதிரி"

வேகத்தை அளப்பதற்கு முன் ஒன்று: 100 எம்பிபிஎஸ் பிளானில் படம் இறக்கும்போது விநாடிக்கு 12.5 எம்பிதான் காட்டும். எட்டால் வகுக்க வேண்டும், கம்பெனி ஏமாற்றவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று 5-ல் அளந்தால் நன்றாக வருகிறது, தள்ளிப் போனால் இல்லை என்றால் மேலே சொன்ன சுவர்ப் பிரச்சினை. பக்கத்திலேயே மெதுவு என்றால், மாத அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று செயலியில் பாருங்கள். அதுவும் இல்லை, எட்டு மணிக்கு மட்டும் மெதுவு என்றால், தெரு முழுக்க ஒரே கிளையில் தொங்குகிறது. நேரத்தோடு இரண்டு மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

"வீட்டுக்குள்ள நின்னா கேரளான்னு வருது, கால் கட்டாகுது"

இது வைஃபை கோளாறு இல்லை, ஆனால் எல்லையில் இருக்கிற நமக்கு மருந்து வைஃபையில்தான் இருக்கிறது. புளியரையில் மலையடிவாரத்து வீடுகளில் போன் தமிழ்நாட்டு டவரை ஒரு நிமிடம் பிடிக்கும், அடுத்த நிமிடம் மலைமேல் இருக்கும் கேரள டவரை. கட்டிலில் படுத்தபடி கேரளாவுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வாங்குவோம். மாறி மாறித் தேடுவதால் பேட்டரி மத்தியானத்துக்குள் தீரும், பேச்சு நடுவில் அறும்.

வைஃபை காலிங் என்பதை ஆன் செய்யுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. போன் அமைப்பில் சிம் பகுதிக்குள் இருக்கும். அதன்பிறகு சாதாரண எண்ணுக்கு வரும் சாதாரண அழைப்பே வீட்டு ஃபைபர் வழியாக வரும். டவர் எந்த மாநிலம் என்று கவலை இல்லை. ஆன் செய்தும் திரையின் மேலே வைஃபை காலிங் குறி வரவில்லையென்றால், ஒருமுறை ஃபிளைட் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்து பாருங்கள், அப்போது பிடித்துக்கொள்ளும். அப்போதும் வராமல், மற்றவர் வீட்டு வைஃபையில் மட்டும் வந்தால், உங்கள் ரவுட்டரின் ஃபயர்வால் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை அடைத்திருக்கிறது. மகன் மருமகள் யாராவது கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடம் இந்த இரண்டு எண்ணைச் சொன்னால் போதும்.

கூடவே இன்னொன்று. வைஃபை கொஞ்சம் மங்கினால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் அமைப்பு பல போன்களில் ஆன் ஆகியே வருகிறது. ஐபோனில் அதற்கு வைஃபை அசிஸ்ட் என்று பெயர். வீட்டில் வைஃபை இருந்தும் தினம் ஒன்றரை ஜிபி தீர்ந்து போகிறதே என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் அணைப்பது இதைத்தான்.

"எதுவும் ஆகல, ரீசெட் பண்ணட்டுமா?"

பண்ணலாம், ஒரே ஒரு நிலையில்: எல்ஓஎஸ் சிவப்பு இல்லை, பான் பச்சை, பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டை யாரோ மாற்றி மறந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பிபிபிஓஇ யூசர் ஐடி, பாஸ்வேர்டு, விலேன் எண் (இணைப்புக்குக் கம்பெனி வைத்திருக்கும் அடையாள எண்) மூன்றையும் கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் நுழைய முடிகிறதென்றால், இந்த விவரங்கள் இருக்கும் வான் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், ரீசெட்டே தேவைப்படாமல் போகலாம். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஊக்கால் பத்து விநாடி அழுத்தினால் எல்லா லைட்டும் ஒருமுறை அணைந்து எரியும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் இருப்பதற்குத் திரும்பிவிடும். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே மறுபடி போட்டால், வீட்டில் உள்ள போன், டிவி, கேமரா எதையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருக்காது.

போன வாரம் புளியரை ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திருப்பிக் காட்டினார். அந்தச் சின்ன ஓட்டையின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.